சாவு வீட்டில் கேமரா: வாசகர் கேள்வி – பதில்

டல்லாஸ் நகரில் கோல்டன் கேட் ஃப்யூனரல் ஹோம் என்ற இறுதிச்சடங்கு நிலையம் நடத்திய ஆடம்பர இறுதிச்சடங்குகளைப் படம்பிடித்து, அமெரிக்காவின் டிஎல்சி சேனல் 2013-ல் ‘பெஸ்ட் ஃப்யூனரல் எவர்’ என்ற ரியாலிட்டி நிகழ்ச்சியாக ஒளிபரப்பியது. அதைப் பற்றியும் அதை ஒட்டியும் வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: பிணத்தைக் கிடத்திவிட்டு பார்பிக்யூ விருந்தாம், நீரூற்றுபோல சாஸ் பொங்கும் ஊற்றாம். செத்தவரை இதைவிடக் கேவலப்படுத்த முடியுமா?

பதில்: முதலில் அவர் யார் என்று பாருங்கள். பெயர் வில்லி மெக்காய், பாடகர். சில்லீஸ் உணவகத்தின் ‘பேபி பேக் ரிப்ஸ்’ விளம்பரப் பாட்டில் அடித்தொண்டையிலிருந்து ‘பார்பிக்யூ சாஸ்’ என்று ஒரு குரல் இழுக்குமே, அது அவருடையது. ஊருக்கே தெரிந்த அந்த ஒரு வரியை வைத்துத்தான் குடும்பம் அவரை அனுப்பிவைத்தது. மீன் பிடித்தவருக்கு வலையும், பாடியவருக்குப் பாட்டும் கூட வருவதில் என்ன கேவலம்?

எனக்கு உறுத்துவது வேறு. ஒரு மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போக மிஞ்சுவது 42, 43 நிமிடம். அதற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட சாவுகளை அடைக்கிறார்கள். இரண்டு மூன்று மணி நேரம் நடந்த சடங்கு பத்துப் பன்னிரண்டு நிமிடமாகச் சுருங்கும்போது எது முதலில் வெட்டுப்படும்? ஜெபம், வேத வாசிப்பு, இறந்தவரின் கூடப்பிறந்தவர் தட்டுத்தடுமாறிச் சொன்ன நாலு வார்த்தை. எது நிற்கும்? சாஸ் ஊற்று. குடும்பம் செய்த சடங்கில் ஊற்று ஓர் ஓரத்தில் இருந்தது. திரையில் அதுவே சடங்கு ஆகிவிட்டது. அவமரியாதை என்று சொல்ல வேண்டுமானால் அந்தக் கத்திரியைச் சொல்லுங்கள்.

கேள்வி: டிவிக்காகக் கிளப்பிவிட்ட கூத்துதானே இதெல்லாம்? நிஜத்தில் யார் இப்படிச் செய்கிறார்கள்?

பதில்: டிவிக்கு வெகுகாலம் முன்பே இருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் இறுதிச்சடங்கை ‘ஹோம்கோயிங்’, அதாவது வீடு திரும்புதல், என்பார்கள். அடிமைகளாக இருந்த காலத்தில் ஒன்றுகூடி அழுவதற்கே எஜமானனிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. இறந்தவர் அடிமைத்தளை அறுத்துத் தன் வீட்டுக்குப் போய்விட்டார் என்ற நம்பிக்கை அங்கிருந்து வந்தது. உயிரோடிருந்தபோது கிடைக்காத மரியாதையைச் சாவிலாவது முழுசாகக் கொடுத்துவிட வேண்டும் என்ற வைராக்கியமும் அதோடு சேர்ந்தது. நல்ல பெட்டி, நல்ல உடை, நீளமான ஊர்வலம் எல்லாம் அந்த வைராக்கியத்தின் பிள்ளைகள்.

நியூ ஆர்லியன்ஸில் இதற்கு ஒரு வரிசை முறையே உண்டு. கல்லறைக்குப் போகும் வழியில் பித்தளை வாத்தியக் குழு மெதுநடையில் சோகப் பாட்டு வாசிக்கும். ஒரு கட்டத்தில் உடலை ஏற்றிய வண்டியைக் குழு வழியனுப்பிவிட்டு நிற்கும். அதற்குப் பிறகுதான் டிரம் அடி மாறும், குடைகள் விரியும், பின்னால் வரும் கூட்டம் ஆடத் தொடங்கும். அழுகை முன்னே, ஆட்டம் பின்னே. டிவி பெரும்பாலும் பின்பாதியை மட்டும் காட்டுகிறது. முன்பாதியைப் பார்க்காதவருக்கு அது ‘சாவுக்கு டான்ஸ்’ என்றுதான் தெரியும்.

கேள்வி: இறந்தவரின் முகத்தைக் கேமராவுக்குக் காட்டுவது எந்த நிலையிலும் தவறு என்பது என் கருத்து. நீங்கள்?

பதில்: ‘எந்த நிலையிலும்’ என்பதை ஏற்க முடியவில்லை. 1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில் 14 வயது எம்மெட் டில் வெள்ளையர்களால் அடித்துக் கொல்லப்பட்டு ஆற்றில் வீசப்பட்டான். உடல் சிகாகோவுக்கு மூடிய பெட்டியில் வந்தது. அதைத் திறக்கச் சொன்னவர் அவன் தாய் மேமி டில். சிதைந்த முகத்தைச் சரிசெய்து அழகுபடுத்த வேண்டாம், என் பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதை உலகம் பார்க்கட்டும் என்றார். பல்லாயிரம் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். ‘ஜெட்’ பத்திரிகை படத்தை வெளியிட்டது. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்கு அந்தப் படம் கொடுத்த வேகம் வரலாறு.

அதே முகத்தை அந்தத் தாய் அறியாமல் யாரோ படமெடுத்து விற்றிருந்தால்? படம் அதேதான், காரியம் மகாபாதகம். காட்டியது யார், யாருக்காக என்பதைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: பாடகி அரீதா ஃப்ராங்க்ளினுக்குத் தங்கப் பெட்டி, எட்டு மணி நேர நேரலை. அதை யாரும் குறை சொல்லவில்லையே. பணக்காரர் செய்தால் கௌரவம், மற்றவர் செய்தால் கோமாளித்தனமா?

பதில்: குறை சொன்னார்கள். ஆனால் நீங்கள் நினைக்கும் விஷயத்துக்காக இல்லை.

2018 ஆகஸ்ட் 16-ல் அவர் இறந்தார். டெட்ராய்ட்டில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தபோது முதல் நாள் சிவப்பு உடை, சிவப்பு ஹீல்ஸ். மறுநாள் வேறு உடை, அடுத்த இடத்தில் இன்னொன்று. தங்க முலாம் பூசிய வெண்கலப் பெட்டி. உடலைச் சுமந்தது 1940-ம் ஆண்டு லாசால் வண்டி. அவர் அப்பாவையும் கறுப்பின உரிமைப் போராளி ரோசா பார்க்ஸையும் சுமந்த அதே வண்டி. இளஞ்சிவப்பு கேடிலாக் கார்கள் நூற்றுக்கும் மேல். ஆகஸ்ட் 31-ல் சடங்கு எட்டு மணி நேரம் போலப் போனது, நேரலையில். இதில் எதற்கும் குடும்பம் முகம் சுளிக்கவில்லை.

அவர்கள் கொதித்தது இரங்கலுரைக்கு. அட்லாண்டாவிலிருந்து வந்த பாதிரியார் ஜாஸ்பர் வில்லியம்ஸ் 50 நிமிடம் போலப் பேசினார். அரீதாவைப் பற்றிச் சொன்னதைவிட, கறுப்பினக் குடும்பங்கள் எப்படிக் கெட்டுப்போயின, தாய் தனியாகப் பிள்ளை வளர்ப்பது எப்படித் தப்பு என்பதைத்தான் அதிகம் சொன்னார். அரீதாவே தனியாகப் பிள்ளைகளை வளர்த்தவர்! சில நாளில் குடும்பம் அந்தப் பேச்சு புண்படுத்துவதாக இருந்தது என்று அறிக்கை விட்டது. பொன் பெட்டியும் நூறு காரும் செய்யாத அவமரியாதையை ஒரு மைக் செய்துவிட்டது. சடங்கு ஏற்பாடு செய்பவர்கள் மலருக்கும் வண்டிக்கும் செலவழிக்கும் யோசனையில் பத்தில் ஒரு பங்கை, யார் பேசுவது, எத்தனை நிமிடம் என்பதற்குச் செலவழித்தால் போதும். பேச்சாளரிடம் முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்கிப் படிப்பதில் தப்பே இல்லை.

கேள்வி: திரையில் பார்க்கும் உடல்கள் சில மெழுகு பொம்மைபோல, சில பச்சை பாய்ந்ததுபோல இருக்கின்றன. எம்பாமிங் (உடலைப் பதப்படுத்துதல்) கோளாறா, கேமரா கோளாறா?

பதில்: இரண்டும். விவரமாகவே சொல்லிவிடலாம்.

எம்பாமிங்கில் வழக்கமாகக் கழுத்தின் வலப்பக்கம் சின்னதாகக் கீறி, கரோட்டிட் தமனி வழியாக ஃபார்மால்டிஹைடு கலந்த திரவத்தை ஏற்றி, பக்கத்திலுள்ள ஜுகுலர் சிரை வழியாக ரத்தத்தை வெளியேற்றுகிறார்கள். தொழிலில் சொல்லும் கணக்கு, 50 பவுண்டு எடைக்கு ஒரு கேலன். 150 பவுண்டு உடலுக்கு மூன்று கேலன், அதாவது சுமார் 11 லிட்டர். பிறகு வயிறு, மார்புக் குழிகளில் உள்ளதை ட்ரோகார் என்ற நீள ஊசியால் உறிஞ்சி எடுத்து, தலா 16 அவுன்ஸ் அடர்திரவம் விடுவார்கள்.

பச்சை எப்படி வருகிறது? மஞ்சள் காமாலையோடு இறந்தவரின் தோலில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி இருக்கும். கடுமையான ஃபார்மால்டிஹைடு பட்டால் அது பிலிவெர்டின் ஆகிவிடும். மஞ்சள் பச்சையாக மாறும். தெரிந்தவர்கள் முதலில் ஃபார்மால்டிஹைடு குறைந்த, காமாலைக்கென்றே உள்ள திரவத்தை ஏற்றுவார்கள். சாம்பல் நிறம் வேறு காரணம். ரத்தம் சரியாக வடியாமல் தசையில் தங்கி, ஃபார்மால்டிஹைடோடு சேர்ந்து சாம்பல் பூத்துவிடுகிறது. வடிகாலில் காட்டிய அவசரத்தை எந்த மேக்கப்பும் முழுசாக மறைக்காது. கறுத்த தோலில் ஈரம் வற்றினால் வெளிறிய பூச்சு படிந்தது போலாகும். அதனால் வேலை முடியும் வரை முகத்திலும் கையிலும் மசாஜ் கிரீம் பூசியே வைத்திருப்பார்கள்.

இனி கேமரா. பார்வை அறையில் பெட்டியின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இளஞ்சிவப்பு சாயலுள்ள விளக்கு நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். மேக்கப் அந்த விளக்குக்குக் கணக்குப் பண்ணிப் போட்டது. படப்பிடிப்புக் குழு அதை அணைத்துவிட்டுப் பகல் வெளிச்ச நிறமுள்ள 5,600 கெல்வின் எல்இடி பலகையைத் திருப்பினால் முகம் நீலம் பாய்ந்துவிடும். மெழுகு வைத்துச் சரிசெய்த உதட்டின் விளிம்பு, ஹெச்டி குளோசப்பில் ஒட்டுப்போட்டது போலத் தெரியும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு சூடான விளக்கின் கீழ் வைத்தால் தோலில் நீர் பூக்கும், மேக்கப் வழியும். சில மணி நேரம் முன்பே வெளியே எடுத்து, துடைத்து, பிறகுதான் பூச வேண்டும்.

கோணமும் முக்கியம். பெட்டியில் தலையைச் சற்று உயர்த்தி, 10 – 15 பாகை வலப்பக்கம் சாய்த்து வைப்பது முறை. வரிசையில் வருபவர் நின்று பார்க்கும் பக்கம் அது. கால்மாட்டிலிருந்து தாழ்வாகக் கேமராவை வைத்தால் தெரிவது மூக்குத் துவாரமும் தாடையின் அடிப்பக்கமும்தான். பிள்ளைகள் அப்பாவை அந்தக் கோணத்தில் டிவியில் பார்ப்பதைவிடப் பார்க்காமலே இருக்கலாம்.

கேள்வி: நியூ ஆர்லியன்ஸில் ஓர் அம்மாவின் உடலை நாற்காலியில் உட்காரவைத்து, கையில் சிகரெட், பக்கத்தில் பீர் வைத்தார்களாமே. உண்மையா? இதையும் நியாயப்படுத்துவீர்களா?

பதில்: உண்மை, 2014-ல். போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் அதற்கு முன்பே, 2008-ல், ஓர் இளைஞரின் உடலை வீட்டுக் கூடத்தில் மூன்று நாள் நிறுத்தியே வைத்தார்கள். ‘சாகும்போதும் நின்றபடிதான் எல்லாரும் என்னைப் பார்க்க வேண்டும்’ என்று அவர் சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்ததாகக் குடும்பம் சொன்னது. பிறகு அங்கே வேறு சிலரின் உடல்களை மோட்டார் சைக்கிள் மேலும், குத்துச்சண்டை மேடை மூலையிலும் வைத்தார்கள்.

தொழில்முறையில் இதில் சிரமம், திரவம் ஏறிய சில மணி நேரத்தில் தசை இறுகிவிடும் என்பது. படுத்தபடி இறுகிய உடலைப் பிறகு உட்காரவைக்க முடியாது. எந்த நிலையில் வைக்க வேண்டுமோ அந்த நிலைக்கு இறுகும் முன்பே கொண்டுவந்து, தாங்கி கொடுத்துப் பிடித்துவைக்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் திரவம் கீழே இறங்கிக் கால் வீங்கலாம், முகம் வற்றலாம். வழக்கத்தைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும் வேலை.

நியாயமா என்றால், சொன்னவர் அவரேயானால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பேரப்பிள்ளைகள் ‘நம்ம பாட்டிக்கு இப்படிச் செய்தால் செமயா இருக்கும்’ என்று கிளம்பியதானால் நிச்சயம் ஆட்சேபம் உண்டு. உயிரோடிருந்தபோது விருந்தாளி முன்னால் தலை வாராமல் வந்து நிற்காத ஒருவரை, கையில் பீரோடு உட்காரவைக்க யாருக்கு உரிமை?

கேள்வி: சரி, அந்த உரிமை யாருக்கு? மூத்த மகன் கேமராவுக்குச் சரி என்கிறார், மகள் வேண்டாம் என்கிறார் என்றால்?

பதில்: மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். டல்லாஸ் இருக்கும் டெக்சஸில், சடங்கையும் அடக்கத்தையும் தீர்மானிக்கும் வரிசை இது: இறந்தவர் எழுதிவைத்து நியமித்த நபர், அவர் இல்லையேல் கணவன் அல்லது மனைவி, பிறகு வயதுவந்த பிள்ளைகளில் யாராவது ஒருவர், பிறகு பெற்றோர், பிறகு உடன்பிறந்தார். ‘பிள்ளைகளில் யாராவது ஒருவர்’ என்பதில்தான் வில்லங்கம். மூத்த மகன் கையெழுத்துப் போட்டால் செல்லும். மகள் எதிர்த்தால் ஃப்யூனரல் ஹோம் வேலையை நிறுத்திவைத்து ‘கோர்ட்டில் தீர்த்துக்கொண்டு வாருங்கள்’ என்று சொல்லலாம். அந்தச் சண்டை நடக்கும் நாளெல்லாம் உடல் குளிர்பெட்டியில் கிடக்கும். வாடகையும் ஏறும்.

தவிர்க்கும் வழி எளிது. உடலுக்குப் பொறுப்பாளரை நியமிக்கும் படிவம் ஒன்று டெக்சஸ் சட்டத்திலேயே உண்டு. நோட்டரி முன் கையெழுத்திட வேண்டும். அதில் சிறப்பு அறிவுறுத்தல்களுக்கு இடம் இருக்கிறது. ‘என் உடலைப் படமெடுக்க வேண்டாம்’ என்றோ, ‘தாராளமாக எடுங்கள், முகம் மட்டும் வேண்டாம்’ என்றோ அங்கே எழுதலாம். உயிலில் மட்டும் எழுதாதீர்கள். பல வீடுகளில் உயிலைத் திறப்பதே அடக்கம் முடிந்த பிறகுதான்.

கேள்வி: நிகழ்ச்சியில் கேவலப்படுத்திவிட்டால் குடும்பம் வழக்குப் போட முடியாதா?

பதில்: கஷ்டம். அமெரிக்காவில் பொதுவாக இறந்தவருக்காக அவதூறு வழக்குப் போட முடியாது. பெயரையும் உருவத்தையும் வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை டெக்சஸில் இறப்புக்குப் பின் 50 ஆண்டு வாரிசுகளிடம் இருக்கிறது. ஆனால் டிவி நிகழ்ச்சிக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. ஆகவே பாதுகாப்பு என்று இருப்பது நீங்கள் கையெழுத்துப் போடும் தாள் ஒன்றுதான்.

கேள்வி: அந்தத் தாளில் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: துக்க வீட்டில் யாரும் பத்துப் பக்கம் படிக்க மாட்டார்கள் என்பது தயாரிப்பாளருக்கு நன்றாகத் தெரியும். எனவே படிக்கும் வேலையைத் துக்கத்தில் இல்லாத ஒருவரிடம் கொடுங்கள். மாப்பிள்ளை, பக்கத்து வீட்டு வக்கீல், யாரானாலும் சரி.

எத்தனை காலம், எந்தெந்த ஊடகம் என்ற பிரிவை முதலில் பாருங்கள். ‘என்றென்றைக்கும், அண்டம் முழுவதும், இனி கண்டுபிடிக்கப்படும் ஊடகங்கள் உட்பட’ என்றே பெரும்பாலும் இருக்கும். சிரிக்காதீர்கள், அப்படித்தான் எழுதுவார்கள். இன்று ஒரு முறை ஒளிபரப்பு என்று நினைத்துப் போடும் கையெழுத்து, பத்து வருடம் கழித்து 30 விநாடி வேடிக்கை வீடியோவாக வெளிவர வழிவிடுகிறது. ‘விளம்பர முன்னோட்டத்திலும் தனித் துணுக்குகளிலும் உடலைக் காட்டக் கூடாது’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

இறுதிப் படத்தொகுப்பில் மாற்றம் கேட்கும் உரிமையைத் தரவே மாட்டார்கள். அதற்காக மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். கேட்டால் கிடைக்கக்கூடியவை உண்டு. குடும்பம் மட்டும் பார்க்கும் கடைசி அரை மணி நேரத்தில் கேமராவும் மைக்கும் வெளியே. முகம் குளோசப்பில் வேண்டாம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பெற்றோர் தனியாகக் கையெழுத்திடாமல் காட்ட வேண்டாம். அழுததை ‘இன்னொரு தரம்’ என்று திரும்பச் செய்யச் சொல்லக் கூடாது. கடைசியாகச் சொன்னதை வேடிக்கைக்குச் சேர்க்கவில்லை, இந்த வகை நிகழ்ச்சிகளில் மறுபடி எடுப்பது சகஜம்.

சட்டையில் குத்தும் மைக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது குத்தியிருக்கும் வரை பதிவாகிக்கொண்டே இருக்கும், கேமரா திரும்பியிருந்தாலும். கழிவறைக்குப் போகும்போதும், தங்கையிடம் செலவுக் கணக்கைக் கிசுகிசுக்கும்போதும் கேட்டுக்கொண்டிருப்பது ஒலிப்பதிவாளர். பிறகு வெவ்வேறு இடத்தில் பேசிய துண்டுகளை ஒட்டி ஒரே வாக்கியமாக்குவது எடிட்டிங் மேசையில் பத்து நிமிட வேலை. திரையில் ஒருவர் பேசும்போது பாதியில் காட்சி மாறி, குரல் மட்டும் ஓடினால் அங்கே ஒட்டு இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

வாசலில் ‘உள்ளே நுழைந்தால் படமெடுக்கச் சம்மதித்ததாகப் பொருள்’ என்று அட்டை ஒட்டுவார்கள். மாலையோடு வரும் பெரியவர்கள் அதைப் படிக்கப் போவதில்லை. கேமரா படாத இருக்கைப் பகுதி ஒன்றை ஒதுக்கி, வாசலில் ஓர் ஆளை நிறுத்தி வாயால் சொல்ல வையுங்கள்.

பாட்டு விஷயம் பலருக்கும் தெரியாது. சடங்கில் பாடிய பாட்டை ஒளிபரப்ப, பாட்டின் உரிமையாளரிடம் படத்தோடு சேர்த்துப் பயன்படுத்தும் உரிமம் வாங்க வேண்டும். அதற்குக் காசு ஆகும் என்பதால், பாட்டை எடுத்துவிட்டு ஏதோ ஒரு ரெடிமேட் இசையைப் போட்டுவிடுவார்கள். அம்மாவுக்குப் பிடித்த பாட்டு என்று பேத்தி உயிரைக் கொடுத்துப் பாடியிருப்பாள். திரையில் அவள் வாய் அசையும், பின்னால் குலுக்கல் இசை ஓடும். காப்புரிமைக் காலம் கடந்த பழைய கீதமாக இருந்தால் தப்பிக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: செலவை டிவிக்காரர்கள் ஏற்கிறார்கள் என்றால் ஏழைக் குடும்பத்துக்கு லாபம்தானே?

பதில்: எந்தச் செலவை என்று எழுத்தில் கேளுங்கள். அமெரிக்க ஃப்யூனரல் டைரக்டர்கள் சங்கத்தின் 2023 கணக்குப்படி, உடலைப் பார்வைக்கு வைத்து அடக்கம் செய்யும் சடங்கின் நடுமதிப்பு 8,300 டாலர். தகனம் என்றால் 6,280. கல்லறை நிலமும் கல்லும் இதில் சேராது. ஊற்றையும் குதிரை வண்டியையும் தயாரிப்பாளர் ஏற்றுக்கொண்டு, அடிப்படைக் கட்டணம் குடும்பத்தின் தலையில் விழுந்தால் லாபம் யாருக்கு?

1984 முதல் நடப்பில் உள்ள அமெரிக்க மத்திய அரசின் ஃப்யூனரல் விதி இங்கே கைகொடுக்கும். நேரில் போய்ப் பேச்சை ஆரம்பித்ததுமே பொருள்வாரி விலைப்பட்டியலைக் கையில் தர வேண்டும். போனில் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும். பெட்டியை வெளியே வாங்கி வந்தால் அதற்குத் தனிக் கட்டணம் போடக் கூடாது. அனுமதியில்லாமல் எம்பாமிங் செய்துவிட்டுப் பணம் கேட்கக் கூடாது. மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் அபராதம் 50,000 டாலருக்கு மேல் போகும். பூ, வாத்தியம், புறா போன்று வெளியாளிடமிருந்து வாங்கித்தரும் பொருள்களில் நிலையம் தன் லாபம் வைத்தால் அதையும் எழுத்தில் சொல்ல வேண்டும். கடைசியில் தரும் பில்லில் ‘தயாரிப்பு நிறுவனம் செலுத்தியது’ என்று ஒவ்வொரு வரியிலும் குறித்து வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

கேள்வி: வெள்ளைப் புறா பறக்கவிடுவது?

பதில்: வீடு திரும்பப் பழக்கிய வெள்ளை ஹோமிங் புறாவானால் சரி. கடையில் வாங்கிய கூண்டுப் புறாவுக்கு வழியும் தெரியாது, இரை தேடவும் தெரியாது. ஓரிரு நாளில் செத்துவிடும். மழையிலும் பொழுது சாய்ந்த பிறகும் நல்ல வளர்ப்பாளர் பறக்கவிடவே மாட்டார். ‘லைட்டிங்குக்காக இன்னும் ஒரு மணி நேரம்’ என்று இயக்குநர் கேட்டால், அந்த வளர்ப்பாளர் பக்கம் நில்லுங்கள்.

கேள்வி: சவப்பெட்டியைத் தோளில் வைத்து ஆடும் கானா இளைஞர்களின் வீடியோவை நானும் பகிர்ந்து சிரித்திருக்கிறேன். பாவமா?

பதில்: பெஞ்சமின் ஐடூ என்பவரின் குழு அது. கானாவில் ப்ராம்ப்ராம் ஊரைச் சேர்ந்தது. பிபிசி 2017-ல் காட்டியது, 2020-ல் கொரோனா காலத்தில் உலகமே மீம் ஆக்கியது. குடும்பம் கேட்டு, காசு கொடுத்து அமர்த்தும் ஆட்டம். துக்கமாக வேண்டுமா, ஆட்டத்தோடு வேண்டுமா என்று கேட்டுக்கொண்டுதான் செய்கிறார்கள். ஆகவே ஆடுபவரிடம் தப்பில்லை. அந்தக் குழு அதே மீமை ‘வீட்டிலேயே இருங்கள், இல்லையேல் எங்களோடு ஆடுங்கள்’ என்ற எச்சரிக்கையாகவும் திருப்பிவிட்டது, கெட்டிக்காரர்கள்.

ஆனால் எவனோ பைக்கிலிருந்து விழும் வீடியோவுக்குப் பின்னால் அதை ஒட்டும்போது, அந்தப் பெட்டிக்குள் நிஜமாகவே ஒருவர் இருந்தார். அவர் குடும்பம் சம்மதித்தது தன் ஊர்வலத்துக்கு. பாவம் என்று சொல்லவில்லை, தெரிந்துகொண்டு பகிருங்கள்.

கேள்வி: கேமரா முன்னால் செத்துப்போகவே சம்மதித்த ஜேட் குடியைப் பற்றி?

பதில்: பிரிட்டனின் ‘பிக் பிரதர்’ மூலம் பிரபலமானவர். 2008 ஆகஸ்டில் இந்திய ‘பிக் பாஸ்’ வீட்டில் இருந்தபோது கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று தெரியவந்தது. கடைசி மாதங்களைப் படமெடுக்க அவரே ஒப்பந்தம் போட்டார், இரண்டு மகன்களின் படிப்புக்குப் பணம் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லி. 2009 மார்ச் 22-ல், 27 வயதில் இறந்தார். ஏப்ரல் 4-ல் இறுதி ஊர்வலம், வெளியே பெரிய திரை, டிவி நேரலை. ‘சர்க்கஸ்’ என்று திட்டியவர்கள் ஏராளம். அந்த ஓராண்டில் இங்கிலாந்தில் வழக்கத்தைவிட நான்கு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் பரிசோதனைக்குப் போனார்கள்.

எனக்கு அருவருப்பு தந்தது வேறொன்று. அவர் உயிரோடிருக்கும்போதே ஒரு வார இதழ் ‘1981 – 2009’ என்று ஆண்டு போட்டு அஞ்சலிச் சிறப்பிதழை விற்பனைக்கு விட்டது. அவர் சம்மதித்த பட்டியலில் அது நிச்சயம் இருந்திருக்காது.

கேள்வி: டிஎல்சியே அந்த நிகழ்ச்சியைத் தள்ளிப்போட்டதாமே, குற்ற உணர்வாலா?

பதில்: 2012 டிசம்பர் 26-க்கு வைத்திருந்தார்கள். அதே மாதம் 14-ம் தேதி சாண்டி ஹுக் பள்ளியில் குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எனவே ஜனவரி 6-க்குத் தள்ளினார்கள். நாடே துக்கத்தில் இருக்கும்போது வேண்டாம் என்று தோன்றியிருக்கிறது. மற்ற நாள்களில் தனித்தனி வீடுகளில் துக்கம் நடப்பது அட்டவணை போடுபவர் கண்ணில் படாது.

கேள்வி: ரியாலிட்டி ஷோ வேண்டாம். வெளிநாட்டில் உள்ள உறவினர்களுக்காக நாங்களே நேரலை செய்ய விரும்புகிறோம். மரியாதை கெடாமல் எப்படி?

பதில்: ஒரே கேமரா, முக்காலியில், கூடத்தின் பின்பக்க மூலையில், நிற்பவரின் கண் மட்டத்தில், அதாவது ஒன்றரை மீட்டர் உயரத்தில். ஜூம் வேண்டாம். ஒலியைக் கேமராவிலிருந்து எடுக்காதீர்கள், இருமலும் நாற்காலி இழுக்கும் சத்தமும்தான் கேட்கும். பேசுமிடத்து மைக்கிலிருந்து கம்பி இழுங்கள். அறையில் எரியும் விளக்கே போதும். முதல் நாள் அதே நேரத்தில் பத்து நிமிடம் சோதனை ஓட்டம் செய்து, வெளியூரில் ஒருவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வைஃபையை மட்டும் நம்பாமல் ஒரு செல்போன் இணைப்பையும் தயாராக வையுங்கள்.

குடும்பம் பெட்டி அருகே போகும்போது ஒலியை அணைத்து, இறந்தவரின் நல்ல புகைப்படம் ஒன்றைத் திரையில் போட்டுவிடுங்கள். அதற்கென ஓர் ஆள் பொத்தான் அருகிலேயே இருக்கட்டும், அவர் நெருங்கிய உறவாக இருக்க வேண்டாம். அழுதுகொண்டு பொத்தானை மறந்துவிடுவார். பொதுத் தளத்தில் ஓடவிட்டால் பதிவுபெற்ற பாட்டு ஒலித்ததும் தானியங்கி முறை நேரலையைப் பாதியில் நிறுத்திவிடும், கடவுச்சொல் கேட்கும் தனி இணைப்பே நல்லது. கருத்துப் பெட்டியை மூடிவிடுங்கள். பதிவை எத்தனை நாள் வைத்திருப்பது, பிறகு யார் அழிப்பது என்பதை முன்கூட்டியே பேசிவையுங்கள். 90 நாள் தாராளம்.